பேரை மட்டும் சொன்னால் போதும்

என் வாயாடி மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்தை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை, போனில் நீ "நல்லாத்தான்மா இருக்கேன்" என்று இழுத்த இழுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் லாண்டரிக் கடையில் இஸ்திரிப் பெட்டியை அண்ணன் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறார். அண்ணன் பெரிய வாஷிங் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான், அது சுற்றுகிறவரைக்கும் அப்பா அதன் பக்கத்திலேயே நின்று முறைத்துக்கொண்டிருக்கிறார், திருடனைப் பிடித்து வைத்தவர் மாதிரி. அண்ணன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், பள்ளிக்கூடம் எனக்குக் கொஞ்சம்தான், ஆனால் மறதி என்பது அதைவிடக் கொஞ்சம். நீ இருந்த வீட்டில் மற்றவர்களுக்கு வாய் திறக்க இடம் கிடைத்ததே இல்லை, இப்போது ம், சரிம்மா, வைக்கட்டுமா, இவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளையோடு மனத்தாங்கலா, வேலையில் தொல்லையா, உடம்புக்கு ஏதாவதா என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நீ அந்தக் கதையைச் சொன்னாய், உங்கள் சபையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள், வாராவாரம் அவளோடு உட்கார்ந்து ஜெபிக்கிறேன், அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்றேன்மா என்று. எல்லாத்தையும் என்றாய். பெற்றவளுக்கு ம், வேன்காரிக்கு எல்லாமுமா? 

பொறாமை என்று நினைப்பாய், பொறாமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயமும் உண்டு. நீ கைக்குழந்தையாய் இருந்தபோது அப்பா என்னோடு கோபித்துக்கொண்டு தன் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார் இல்லையா, அந்த நாளில் நான் நம் சபை ஆர்மோனிய அக்காவிடம் போய் மனசைக் கொட்டி அழுதேன். அவள்தான் அப்போது எங்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள், அவளை அவ்வளவு நம்பினேன். அடுத்த பெண்கள் கூட்டத்திலேயே அவள் எழுந்து நின்று உருகி உருகி, "ஆண்டவரே, புருஷன் விட்டுட்டுப் போன எங்க சகோதரிக்கு இரங்கும்" என்று சத்தமாக ஜெபித்தாள். கண்மூடி ஜெபிக்கிற கூட்டத்தில் அத்தனை பேரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள், எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா, நானும்தான் திறந்து வைத்திருந்தேன். அன்று அவள் கட்டியிருந்தது ஊதாச் சேலை, மஞ்சள் கரை, நம் கடையில் தேய்த்துக் கொடுத்தது. அப்பா திரும்பி வந்துவிட்டார், எனக்குப் போன மானம் வரவில்லை. அதற்குப் பிறகு நான் மனுஷர் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. கடை திறக்குமுன் பின்னறையில் வெளுத்த விரிப்புகளின் நடுவில் உட்கார்ந்து கர்த்தரிடம் மட்டும்தான் சொல்வேன். நீ சின்னதில் அங்கே வந்து என் மடியில் தூங்கியிருக்கிறாய்.

இப்போது உன் ரகசியமும் ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஊர் சுற்றப்போகிறதே என்று பதறிப்போய், நான் ஒரு வேலை செய்தேன், கோபப்படாதே. ஒரு நாள் உன் போனில் சார்ஜ் இல்லை என்று அவள் போனிலிருந்து கூப்பிட்டாய் அல்லவா, அந்த நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறேன் அம்மா, சொல்லுங்கள் என்றாள். நேராகக் கேட்டால் சொல்ல மாட்டாள் என்று, என் மகள் என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாள், உங்கள் வாயாலும் கேட்டால் எனக்குக் கொஞ்சம் தெளிவாகும் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, "எல்லாம் சொல்லிட்டாளா, அப்போ நான் சொல்ல என்னம்மா மிச்சம் இருக்கு" என்றாள். எமகாதகி! நான் அவளைப் பெற்றவள், எனக்குத் தெரியக்கூடாதா என்று குரலை உயர்த்தினேன். "தெரியணும்மா, ஆனா அதை அவதான் சொல்லணும்" என்றாள். அழுதும் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டாள், ஒரு சொல் வெளியே வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு அப்பா பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பாரே, அப்படி இழுத்துப் பார்த்தேன், அசையவே இல்லை. வைக்கும்போது, "எனக்காகவும் ஜெபிங்கம்மா, எனக்கும் ஒரு பாரம் இருக்கு" என்றாள். என்ன பாரம் என்று கேட்காமல் இருப்பேனா? "அது கர்த்தருக்குத் தெரியும், நீங்க என் பேரை மட்டும் சொன்னா போதும்" என்கிறாள்!

அன்று முழுக்கக் கோபத்தில் கொதித்தேன், அண்ணியிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் பின்னறையில் உட்கார்ந்தபோதுதான் மனசு இளகியது. அன்று எனக்கு இப்படி ஒருத்தி கிடைத்திருந்தால் நான் இப்படி வாயைத் தைத்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டேன். உனக்குக் கிடைத்திருக்கிறாள், விட்டுவிடாதே. ஆனால் ஒன்று, அவளோடு உட்காருகிறேன் என்று தனியாக அவரோடு உட்காருவதை நிறுத்திவிடாதே, அக்கா வேனில் ஏறிப் போய்விடுவாள், அவர் போக மாட்டார். உட்காரும்போது போனை வேறு அறையில் வை. வார்த்தை வரவில்லை என்றால் வராமலே இரு, தூக்கம் வந்தால் தூங்கு, அதற்கெல்லாம் அவர் முகம் சுளிக்க மாட்டார், முகம் சுளிக்கிறதெல்லாம் நம் சபையில் முன்வரிசைதான்.

இத்தனை நாள் நான் அவரிடம் உட்கார்ந்து, என் மகளுக்கு என்ன, எனக்குச் சொல்லும், சொல்லும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பதில்லை. உன் பேரைச் சொல்கிறேன், வேன்காரி பேரைச் சொல்கிறேன், அப்புறம் சும்மா இருக்கிறேன். ஆர்மோனிய அக்காவின் பேரையும் சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே அந்த ஊதாச் சேலை நினைவுக்கு வந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். நேற்று அண்ணன் மகள் எட்டிப் பார்த்து, "பாட்டி, இயேசப்பாகிட்ட பேசுறீங்களா, அத்தையைக் கூப்பிடுறீங்களா" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல், தோன்றாவிட்டால் வேண்டாம், நீ ம் கொட்டுவதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். வீட்டுக்கு வர வேண்டும் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் வா, உன் கட்டிலில் அடுக்கியிருந்த துணி மூட்டைகளையெல்லாம் இறக்கிவிட்டேன். அண்ணன் ஏன் என்று கேட்டான், அது கர்த்தருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன் வாய்க்குப் பழைய சத்தத்தைத் திருப்பித் தரட்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. வேன் ஓட்டுகிற மகராசியிடம் நான் சொன்ன பொய்க்கு ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு.

தினமும் உன் பேரைச் சொல்லிக்கொண்டு,
உன் அம்மா