சீட்டில் இல்லாத அரை இஞ்ச்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் தம்பியும் நலம், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், ஒரு வரியில் அடங்காது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டியவன் நான் என்பதுபோல. தம்பி பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு புத்தகத்தின் மேல் தலைவைத்துத் தூங்குகிறான். கடையில் இஸ்திரிப் பெட்டியின் வயர் போய் மாற்றியாயிற்று. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீ அழுதுவிடுவாய், நீ அழுதால் சரி விடு என்று சொல்லிவிடுவேன். இந்தத் தடவை அப்படிச் சொல்லக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

புரோகிராம் எழுதப் பழகும் மாணவியாக இந்த ஒரு வருடத்தில் எப்படி வளர்ந்தேன் என்று நீ எழுதிய கட்டுரை கல்லூரி இணையதளத்தில் வந்திருப்பதைத் தம்பிதான் பார்த்துச் சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரதி எடுத்துச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாம் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். ஓடிய வேகத்தில் கண்ணாடியை மறந்துவிட்டதால் அவரையே வாசிக்கச் சொன்னேன், நாலு பேர் நிற்கிறார்கள், அவர்களும் கேட்கட்டும், சத்தமாக வாசியுங்கள் என்று வேறு சொன்னேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தொடக்கம் எல்லாம் அருமையாக இருந்தது. பிறகு உன் முதல் புரோகிராம் பற்றி வந்தது. அதை ஒரு சிறு தையற்கடைக்காரருக்குச் செய்து கொடுத்தாயாம், அளவு போடும் கட்டத்தில் முழு எண் மட்டும் நிற்கும்படி தவறாக எழுதிவிட்டாயாம், பதினைந்தரை என்று போட்டால் அது அரையை விட்டுவிட்டு, துணி வெட்டுபவருக்கான சீட்டில் பதினைந்து என்று அச்சடித்ததாம், மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டாயாம், பெரிய பாதிப்பு ஏதும் இல்லையாம், கொடுக்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டாயாம். ஜெராக்ஸ் கடைக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் நம் கடைக் கத்திரி அக்காவைத் தெரியும்.

பெரிய பாதிப்பு ஏதும் இல்லையா? பதினோரு வருடம் என் கடையில் துணி வெட்டியவளை நான் அனுப்பிவிட்டேனே, அது என்ன? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் மேசைக்கு அடியில் வெட்டுத்துணி மூட்டையில்தான் தூங்குவாய், அத்தை அத்தை என்று அவள் முந்தானையை விடமாட்டாய். லீவில் வந்த நீ, அளவு நோட்டை மூட்டைகட்டி வையுங்கள் அப்பா, இனி எல்லாம் கம்ப்யூட்டரில் என்றாய், நானும் உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினேன். நீ திரும்பிப் போனதிலிருந்து சட்டை எல்லாம் இறுக்கம். காலர் பட்டன் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று வங்கிக் காவலாளி கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அன்றைக்கு அவர் முன்னாலேயே உன் கை போய்விட்டது அக்கா என்று சொல்லிவிட்டேன். அவள், "சீட்டுல என்ன இருக்கோ அதத்தான் வெட்டுறேன்"னு ஒரே ஒரு தடவை சொன்னாள். "சீட்டு எம் பொண்ணு செஞ்சது, அது பொய் சொல்லாது"ன்னு நான் சொன்னேன். கத்திரியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலையே உனக்குப் போனில் இதைச் சொன்னேன். நீ, ம் என்றாய். நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டு, "அப்பா, ஒரு பட்டன் காட்டும், அத அமுத்துங்க, ஸ்கிரீன் கலர் மாறும், அவ்வளவுதான்" என்றாய். அமுக்கினேன், நீல நிறம் பச்சையாக மாறியது, அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். காதும் காதும் வைத்த மாதிரி திருத்திவிட்டாய். திங்கட்கிழமை புது ஆள் வேலைக்கு வந்தான், அன்றிலிருந்து சட்டை எல்லாம் கச்சிதம். பார்த்தாயா, ஆளை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எட்டு மாதமாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன் நான். உன்னிடமும் எத்தனை தடவை சொன்னேன், ஒரு தடவையாவது வாயைத் திறந்தாயா?

கட்டுரையைக் கேட்ட மறுநாள் காலை கத்திரி அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது திரைச்சீலை தைக்கும் கம்பெனியில் இருக்கிறாள், நாள் முழுக்க நேர்கோடாக வெட்டும் வேலை. கதவைத் திறந்ததும் உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, முதல் வார்த்தையே, "சொல்லிட்டாளா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று மாதமாகப் புகார் வரவே ஒரு வாரச் சீட்டை அடுக்கிப் பார்த்து, ஒன்றிலும் அரை வரவில்லையே என்று அவள்தான் முதலில் உனக்குப் போன் செய்தாளாம். நீ, "ரெண்டு நாள் டைம் குடுங்க அத்தை, அப்பாகிட்ட நானே சொல்லிடுறேன்" என்றாயாம். நாலாம் நாள் நான் அவளை அனுப்பினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நான் சொன்னா வேலைக்காகப் புள்ள மேல பழி போடுறேன்னு நினைப்பீங்க. அவளே சொல்லட்டும்னு விட்டேன். சொல்றேன்னு சொன்ன புள்ளதானே" என்றாள். பிஸ்கட் டப்பாவில் அந்தச் சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறாள். இல்லை அக்கா, அவள் சொல்லவில்லை, ஜெராக்ஸ் கடையில் கேட்டேன் என்று சொன்னேன்.

புரோகிராமில் பிழை வந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை கண்ணு. நான் முதலில் தைத்த பேன்ட்டில் இரண்டு காலும் இடதுகால். ஆனால் முகம் தெரியாத ஊருக்கெல்லாம் சொல்ல முடிந்ததை எனக்குச் சொல்ல முடியவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. என் கையாலேயே ஒரு பாவத்தைச் செய்ய வைத்துவிட்டு, அதில் நீ பாடம் கற்றுக்கொண்டாய். அம்மா, சின்னப் பிள்ளை, பயந்திருப்பாள் என்கிறாள். இருக்கலாம். பயந்தவள் எனக்கு எழுதியிருக்க வேண்டும், கல்லூரிக்கு அல்ல.

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, தெருவில் யார் யாரிடம் பேசினேனோ அவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வங்கிக் காவலாளி வரைக்கும் வந்துவிட்டேன். திரும்ப வா, புது ஆளும் இருக்கட்டும், இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது என்று கூப்பிட்டேன். "அவ கூப்பிடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றுவிட்டாள். ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பாள். முதலில் அவளைக் கூப்பிடு, அதற்குமுன் என்னைக் கூப்பிடாதே, எடுக்கமாட்டேன். இந்தத் தடவை ரெண்டு நாள் டைம் கேட்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ பெரிய ஆளாக வர வேண்டும், வருவாய், எந்தக் கோபத்திலும் என் ஆசீர்வாதத்தில் ஒரு இஞ்ச் குறையாது. பிரதி எடுத்த கட்டுரையை இதோடு வைத்திருக்கிறேன். அக்காவிடம் பேசிய பிறகு, பெரிய பாதிப்பு ஏதும் இல்லை என்ற வரியை உன் கையாலேயே திருத்தி அனுப்பு, அதைத்தான் சட்டம் போட்டு மாட்டுவேன். சுவரில் ஆணி அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு தையற்கடைக்காரர்,
உன் அப்பா.