குழாய்க்காக ஒரு வேட்பாளர்

பிப்ரவரி 9, 1971
பிளாரன்ஸுக்கு மறுபடியும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் குழாய் கிடையாது. பக்கத்துத் தெருவில் தண்ணீர் பிடித்து, இடுப்பில் சுமந்து வருகிறாள். தைலம் தேய்த்துவிட்டேன். அதையே பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டிருந்தபோது, "நீங்க ரெண்டு நடை எடுத்தா என்ன, கையி தேஞ்சா போவும்?" என்று கேட்டாள்.

கப்பல் ஏஜெண்டு ஆபீஸின் தலைமைக் கிளார்க் குடம் தூக்குவதா? அடுத்த வீட்டு வில்பிரட் பார்த்தால் துறைமுகம் வரைக்கும் சொல்லிவிடுவான். காதில் விழாத மாதிரி இருமினேன்.

பிப்ரவரி 13
யோசனை வந்துவிட்டது! எலெக்ஷன் வருகிறது. வேட்பாளர் ஒருத்தரை வீட்டுக்குக் கூப்பிட்டு, தெருப் பெண்களை எதிரே உட்காரவைத்து, குழாய்க்கு வாக்குறுதி வாங்கிவிடுவது. ஒரு குடத்துக்குப் பயந்து மனுஷன் எவ்வளவு தூரம் ஓடுகிறான்!

பெரிய கட்சிக்காரர்கள் என் வீட்டுப் படி ஏற மாட்டார்கள். சுயேச்சையாக நிற்கும் உப்பளக்காரர் பொன்னுதுரை அண்ணாச்சி மட்டும் கேட்டவுடன் சரி என்றார். வேறு யாரும் கூப்பிடவில்லை போல. 26-ம் தேதி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. நான் குறித்த நேரம்தான். அன்றைக்குக் கப்பல் எதுவும் இல்லை என்பதை மட்டும் பார்த்துக் குறித்தேன்.

பிப்ரவரி 20
"ஏலே ரோச்சு, நீ என்ன எம்.எல்.ஏ.க்கு மாமனாரா?" என்கிறான் வில்பிரட். ஆனாலும் நாற்காலி தருகிறான்.

எதிர்வீட்டு அமலோற்பவம் அக்காவிடமும் சொன்னேன். இந்தத் தெருவுக்கு நிஜமான எம்.எல்.ஏ. அவள்தான். "வாரோம். மைக்கு வச்சுக் கத்துனா எந்திச்சுப் போயிருவோம்" என்றாள்.

பிப்ரவரி 24
விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ் போனேன். வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 26
என்னைப் போல ஒரு மடையன் இந்தக் கரையில் உண்டா?

நாலரைக்கே நாற்காலிகளைப் போட்டு, மக்ரூனைத் தட்டில் அடுக்கிவிட்டேன். குசினிக்குள்ளிருந்து பிளாரன்ஸ் முக்காட்டோடு வருகிறாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"சிலுவைப்பாதைக்கு. தபசுகாலத்து வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வேற எங்க போவாவ?"

"முதல்லயே சொல்லப்பிடாதா!"

"ஒங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கலியா என்ன? ஓட்டு கேக்க வாரவுக சொன்ன நேரத்துக்கு எங்க வரப் போறாவன்னுல்லா நெனச்சேன்."

தெருவே காலி. சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து இறங்கினார் அண்ணாச்சி, கூட இரண்டு ஆட்கள். நாற்காலிகளைப் பார்த்தார்.

"சனங்க எங்கன?"

"கோயில்ல, அண்ணாச்சி."

"அப்ப நாமளும் அங்கன போவோம்."

வாசலில் நின்றுகொள்வார் என்று நினைத்தேன். கூட்டம் நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. முதல் ஸ்தலத்தில் எல்லாரும் முழந்தாளிட்டார்கள், அவரும் இட்டார். எழுந்து, முடிந்தது என்று ஒரு கும்பிடு போட்டுத் திரும்பினார். அதற்குள் ஜனம் மறுபடியும் முழங்காலில்.

"மொத்தம் பதினாலு ஸ்தலம், இது ரெண்டாவது. இன்னும் பன்னெண்டு இருக்கு" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் முகத்தை எழுத எனக்குத் திறமை போதாது.

பாதியில் அவருடைய ஆட்கள் நழுவிவிட்டார்கள். "நாமளும் போயிருவோமா?" என்றேன். "வேண்டாம், எல்லாரும் பாக்காவ" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டே கடைசி ஸ்தலம் வரைக்கும் வந்தார்.

வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "குழாய் வருமா, வராதா? கோயில் வாசல்ல நின்னு சொல்லுங்க" என்றாள் அமலோற்பவம் அக்கா.

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தாயி, செயிச்சாலும் நான் ஒத்த ஆளு. போயி நின்னு கேப்பேன். வரும்னு சத்தியம் பண்ண முடியாது."

அவரைக் கிள்ளலாம் போல இருந்தது. இதற்கா இவ்வளவு பாடு! அக்காவோ, "வரும்னுதான் இதுவரைக்கும் எல்லாவனும் சொன்னான். நீங்க பரவால்ல" என்றாள்.

எங்களுக்கு ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. மக்ரூன் முழுவதும், பாதியில் நழுவி எங்கள் வீட்டு நாற்காலிகளுக்குத் திரும்பிய அவருடைய ஆட்கள் வயிற்றுக்குள் போயிற்று.

மார்ச் 3
பக்கத்துத் தெருவில் கறார் பண்ணிவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் வந்தால்தான் நமக்குத் தண்ணீர். அப்புறம் அவர்கள் முறை. பிளாரன்ஸ் இருட்டிலேயே எழுந்து போகிறாள். போர்வைக்குள்ளிருந்து கவனித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறாள்.

மார்ச் 12
அண்ணாச்சி தோற்றுவிட்டார். டெபாசிட்டும் போயிற்று. எங்கள் தெரு மொத்தமும் அவருக்குத்தான் போட்டது என்று அக்கா சொல்கிறாள். மற்றத் தெருக்காரர்கள் யாரும் அவர் முழங்கால் போட்டதைப் பார்க்கவில்லையே.

பிளாரன்ஸிடம் சொன்னேன். தைலப் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். தேய்த்தேன்.

மார்ச் 15
சைக்கிள் கேரியரில் குடத்தைக் கட்டுகிற வித்தை நேற்று முழுக்கப் பழகினேன். இன்று போனேன். பாதி தண்ணீர் ரோட்டுக்கு.

"ஏலே, தலைமைக் கிளார்க்கு!" என்று வில்பிரட் சிரித்த சிரிப்பு துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மார்ச் 22
குழாயடியில் பேசாத விஷயம் இல்லை. இந்த ஊர் ரகசியம் எல்லாம் ஆபீஸில் கிடைக்கும் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தேனே! அமலோற்பவம் அக்கா எனக்கும் வரிசையில் இடம் போட்டு வைக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. பிளாரன்ஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் குடத்தை இறக்கி வைத்தேன்.