பட்டன் அறுந்த சட்டை

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி டேனியலுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டு ஹம்மாத் வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பார்சலையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய்.

உனக்கு ஏழு வயதில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். பள்ளிகொண்டாவில் தையல் கடை வைத்திருந்த அப்பா, தன் சட்டையில் பட்டன் அறுந்தால் மட்டும் அம்மாவிடம் நீட்டுவார். "ஊருக்கெல்லாம் தைக்கிறாரு, அவர் பட்டன அம்மா ஏன்கா தைக்கணும்?" என்றாய். "அது அப்படித்தான், போய்ப் படி" என்றேன். அப்போதுதான் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஒழுங்காகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

ஊசி ஒன்றுதான், தம்பி. கடையில் பிடித்தால் ஆண் வேலை, வீட்டில் பிடித்தால் பெண் வேலை. நீ வேலை பார்த்த ஷூ கம்பெனியில் தையல் பிரிவு முழுக்கப் பெண்கள். அங்கே அதுவே பெண் வேலை; தோல் வெட்டும் கட்டிங் பிரிவுதான் ஆண் வேலை. பிறக்கும்போது எந்தக் குழந்தையின் கையிலும் ஊசியும் இல்லை, கட்டிங் மிஷினும் இல்லை. நாம் கொடுக்கிறோம். கொடுத்ததை மறந்துவிட்டு, கடவுள் கொடுத்தது என்கிறோம்.

இனி உன் மனைவி விஷயம். அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கும் அம்பிகாவைக் கட்டிங் பிரிவுக்கு எடுக்கிறார்கள் என்றதும், "நான் நின்ன மிஷின்ல நீ நிக்கிறியா? ஊர்ல சிரிப்பாங்க, வேலைய உட்டுட்டு வீட்ல இரு" என்றாயாம். அவள் அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள்.

சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். தெருமுனை வேலு, "இனிமே மீசை வெச்சிக்குவியாம்மா?" என்று கேட்டாராம். "உங்களுக்கே ஒழுங்கா வரலியே அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

பெண்களுக்குத் தோலைப் பார்க்கத் தெரியாது என்பாய். முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, எல்லாம் விலக்கி வெட்ட ஒரு கண் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டித் தையலுக்கு வந்த துண்டுகளில் பழுதைக் கண்டுபிடித்துப் பதினோரு வருஷம் திருப்பி அனுப்பியது அவள்தானே? "இவரு வெட்டி, இவரு நம்பர் போட்டு வந்த கட்டுல பழுது இருந்தா மட்டும் சூப்பர்வைசர்கிட்ட போவ மாட்டேன்கா, சாப்பாட்டு நேரத்துல இவர் கையிலயே குடுத்துடுவேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்கு இது தெரியாது. உனக்குத் தெரியும்.

நீ அங்கே ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைத்து மடிக்கிறாய். அறையில் எல்லோருக்கும் நீதான் சமைக்கிறாயாம். மீன் குழம்பை ஹம்மாத் அவ்வளவு புகழ்கிறார். அதனால் நீ எதிலும் குறைந்துபோகவில்லை, தம்பி.

திங்கட்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். நீ சரி என்று சொன்னால்தான் போவேன் என்கிறாள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. இருந்தாலும் அது நீங்கள் இருவரும் பேச வேண்டியது.

பார்சலில் நீ கேட்ட நீலச் சட்டை இருக்கிறது. இரண்டாவது பட்டன் அறுந்திருக்கிறது. அம்பிகா தைக்க உட்கார்ந்தாள். நான்தான் அவள் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கி வைத்தேன். பட்டன், ஊசி, நூல் மூன்றும் சட்டைப் பையில்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. அந்தப் பட்டனை நீயே தைத்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, அம்பிகாவுக்குப் போன் செய்.

உனக்காக ஜெபிக்கும்,
ஹெலன் அக்கா