போயிட்டு வரேன்

அன்புள்ள மகளுக்கு,

என் மேலுள்ள கிடங்குத் தீ வழக்கு இன்னும் முடியாததால், பாஸ்போர்ட் எடுக்க நீதிமன்றத்தில் அனுமதி கேட்டிருந்தேன். இன்று விசாரணை.

"வெளிநாடு போனா திரும்பி வருவீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"பேத்தியைப் பாக்கணும். போயிட்டு வரேங்க, ஐயா" என்றேன்.

"அந்த வரேனை மட்டும் எழுதிக் குடுங்க" என்று சிரித்தார். எழுதிக் கொடுத்தேன். ஓராண்டு பாஸ்போர்ட்டுக்கு அனுமதி கிடைத்தது.

நான் ஜாமீனில் வந்த அன்று, நீ பெட்டியோடு வாசலில் நின்று "போறேன்" என்றாய். சின்ன வயதில் அப்படிச் சொன்னால் அதட்டி, "போயிட்டு வரேன்" என்று சொல்லவைப்பேன். அன்று நான் அதட்டவில்லை.

விசாவுக்கு நீ அழைப்புக் கடிதம் தரவேண்டுமாம். வக்கீல் கொடுத்த மாதிரிக் கடிதத்தை இதோடு வைக்கவில்லை. "வாங்க" என்று நீயாக எழுதினால் போதும்.

அப்பா