பென்டிரைவ் தானாகப் பேசியபோது

ஜனவரி 20, திங்கள்
இன்று பென்டிரைவ் வந்தது. நடுக்கடலில் சிக்னல் கிடையாது. அதனால் என் வீட்டுக்காரர் ஜெனிஷ் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் உட்கார்ந்து தினம் கொஞ்சம் பேசிப் பதிந்து, ஊர் திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். கம்ப்யூட்டரில் செருகினால் போதும், தானாகவே பேசும். கண்ணை மூடிக் கேட்டேன். குரலுக்குப் பின்னால் எஞ்சின், தண்ணீர். பாளையங்கோட்டை வீடே மெல்ல ஆடுகிற மாதிரி இருந்தது.

ஜனவரி 21
ஐயோ, மானம் போச்சு.

மாமி, அதான் அவர் அம்மா, பக்கத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். மிச்சத்தைக் கேட்கலாமென்று செருகினேன். எடுத்த எடுப்பில், "ஏட்டி ஜாய்சி, கண்ண மூடுனா உன் கழுத்து வாசனை வருது..." நிறுத்துவதற்குள் இன்னும் நாலு வரி. அதை இதில்கூட எழுத மாட்டேன். மாமி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

உடனே செட்டிங்ஸ் தேடி ஆட்டோபிளேயை மாற்றினேன். இனி பென்டிரைவ் செருகினால் அது தானாகப் பேசாது. அப்பாடா.

ஜனவரி 24
ஹெட்போனில் நானும் அவரும் மட்டும். கேட்டபடியே கண் சொக்கிவிட்டது. தாமிரபரணியில் மிதந்து மிதந்து கடலுக்கே போய்விட்டதாகக் கனவு.

ஜனவரி 29
பள்ளிக்கூடம் விட்டு வந்தால், மாமி கம்ப்யூட்டர் முன்னால். பழைய பென்டிரைவைச் செருகுவதும் உருவுவதுமாக.

"ஒரு வாரமா பேச மாட்டேங்கான்" என்றார்.

நான் வேலைக்குப் போனதும் தினமும் கேட்பாராம். மவுஸைத் தொடத் தெரியாது, செருக மட்டும் தெரியும். அப்படியானால் இதுவரை வந்த எல்லாவற்றையும்... மாதாவே!

"அவன் உங்கிட்ட பேசுதத நான் காதுல வாங்குததில்ல. குரலுதான் வேணும். அதையும் பூட்டி வச்சுட்டியா?"

சத்தம் போடவில்லை. பைய கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. நான் என்ன செய்துவிட்டேன்?

பிப்ரவரி 1, சனி
செட்டிங்ஸில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சொல்லலாம். பென்டிரைவ் சும்மா இருக்கட்டும், சிடி மட்டும் தானாகப் பாடட்டும் என்று வைத்தேன். ஹசன் அலி அண்ணன் கடையில், "இன்னுமா டீச்சர் சிடி?" என்று சிரித்தவாறே தேடி ரெண்டு கொடுத்தார்.

மாமிக்கானதை மட்டும் பிரித்தெடுத்தேன். ஆறு மணி நேரப் பேச்சில் நாலே நிமிடம். அதுவும் "அம்மா மாத்திரை போட்டுச்சா" என்று என்னிடம் கேட்டது.

பிப்ரவரி 2
மாமியே பொத்தானை அழுத்தி, சிடியை வைத்து, தட்டைத் தள்ளினார். பேசியது. நின்றது.

"இம்புட்டுதானா?"

"சிடில அவ்வளவுதான் மாமி புடிக்கும்."

பொய்தான். அந்த நாலு நிமிடத்தையே சாயங்காலம் வரை கேட்டார்.

பிப்ரவரி 5
மாலே துறைமுகத்தில் இறங்கி அவர் போன் செய்தார். மாமியிடம் வழக்கம்போல் அரை நிமிடம். பிறகு நான் போனை வாங்கி அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்கம்மாகிட்ட பேச உங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?"

மார்ச் 2, ஞாயிறு
புதுப் பென்டிரைவ். உள்ளே இரண்டு ஃபோல்டர். ஒன்று எனக்கு. மற்றது 'அம்மாவுக்கு', ஒரு மணி நேரத்துக்கு மேல். அதைத் திறந்து கேட்கவில்லை. அப்படியே சிடியில் ஏற்றிக் கொடுத்தேன்.

மாமி தட்டைத் தள்ளினார். எஞ்சின், தண்ணீர். அப்புறம், "எம்மா..."

மாமி நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கும் கேட்க ஆசைதான். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.