ஷெல்லில் இருந்த மூன்று எழுத்து

13 யூன் 2025, வெள்ளி

இன்று முகமாலையில் ஏழு ஷெல் கண்டுபிடித்தோம். எல்லாமே 81 மில்லிமீற்றர் மோட்டார் ஷெல். இருபத்தைந்து வருடம் மண்ணுக்குள் கிடந்தும் ஒன்றில் எழுத்து தெளிவாக இருந்தது. தொடாமல் கிட்டக் குனிந்து வாசித்தேன். அதே மூன்று எழுத்து, அதே தொழிற்சாலை. இந்த வருடம் இதோடு நூற்றிப் பதினாலு. யார் அடித்தது என்று அந்த எழுத்து சொல்லாது. யார் செய்து விற்றது என்று சொல்லும்.

பத்து மணிக்கு தம்பிஐயா வந்து அபாய எல்லை நாடாவுக்கு வெளியே சைக்கிளோடு நின்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். நாலு ஏக்கர் தென்னங்காணி அவருடையது. இரண்டு ஏக்கர் துப்புரவாக்கி முடித்துவிட்டோம், இரண்டு ஏக்கர் பாக்கி.

"பிள்ளை, மற்றப் பாதி எப்ப?"

"மாரிக்கு முதல் தருவம் ஐயா."

"ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். போன வருடமும் இதைத்தான் சொன்னேன்.

பின்னேரம் சுபாஸ்கரன் அண்ணை கூப்பிட்டார். அவர்தான் எங்கள் திட்டப் பொறுப்பாளர். ஒகஸ்ட் கடைசியில் ஜெனீவாவில் கூட்டமாம். நாடுகள் கண்டபடி ஆயுதம் விற்பதைக் கட்டுப்படுத்துகிற உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகள் வருடா வருடம் கூடுகிற கூட்டம். மிதிவெடி, ஷெல் அகற்றுகிற பெண் ஒருத்தி வந்து பேசவேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் கேட்டிருக்கிறது.

"நீர்தான் போறீர், கேதீஸ்."

நானா?

15 யூன், ஞாயிறு

பேச்சு எழுதி முடித்துவிட்டேன். இரண்டு பக்கம். பதிவேட்டில் உள்ளதை அப்படியே போட்டிருக்கிறேன் — எழுத்து, தொழிற்சாலை, நாடு, எத்தனை எடுத்தோம். அழுகிற கதை எதுவும் இல்லை. விற்ற நாட்டின் ஆட்களும் அங்கே இருப்பார்கள்தானே. அவர்கள் கேட்கட்டும்.

22 யூலை, செவ்வாய்

தொண்டு நிறுவனத்திடமிருந்து பேச்சு மூன்றாம் தரம் திரும்பி வந்திருக்கிறது. நாட்டின் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு. மூன்று எழுத்துக்கு மேலும் சிவப்புக் கோடு. பக்கத்தில் ஒரு குறிப்பு: சபையில் ஒரு நாட்டைச் சுட்டிக்காட்டுவது நல்லதல்ல. உங்கள் சொந்த இழப்பு ஏதாவது இருந்தால் சேர்க்கலாமா?

சுபாஸ்கரன் அண்ணையிடம் கொண்டுபோனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், "கேதீஸ், எங்கடை திட்டத்துக்கு ஆர் காசு தாறது எண்டு தெரியுமெல்லே?"

தெரியும். அதே நாடுதான். வாகனத்தின் கதவில் அவர்களின் கொடி ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைத் திறந்துதானே ஏறுகிறேன்.

"முப்பத்தெட்டுப் பேரின்ரை வேலை. பேரைச் சொல்லி என்ன கிடைக்கப் போகுது?"

முப்பத்தெட்டில் இருபத்தைந்து பொம்பிளையள், பாதிப் பேருக்கு வீட்டில் வேறு உழைப்பு இல்லை.

25 யூலை

பேச்சில் அந்தப் பெயர் இருந்த இடத்தில் சுபாவைப் போட்டிருக்கிறேன்.

சுபாஜினி, என் தங்கச்சி. இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதம் சண்டைக்குப் பயந்து தென்மராட்சியே எழும்பி வடமராட்சிக்கு ஓடியபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாலு. கப்பூது வெட்டவெளியில் என் சைக்கிள் கரியரில் இருந்தவள். ஷெல் பின்னால்தான் விழுந்தது. சைக்கிள் பாரம் குறைந்தமாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுதி அனுப்பிவிட்டேன். உடனே பதில் வந்தது, 'மிகவும் சக்திவாய்ந்த உரை' என்று.

அம்மாவிடம் சொல்லவில்லை.

24 ஒகஸ்ட், ஞாயிறு. ஜெனீவா

வந்து சேர்ந்தேன். மொழிபெயர்க்க வாகீசன் என்றொரு பெடியன் வந்திருக்கிறார். இங்கே பேர்ணில் பிறந்தவர், தாய் தகப்பன் காரைநகர். தமிழைக் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைக்கிறார். பேச்சை வாசித்துவிட்டுக் கேட்டார், "அக்கா, இதிலை எந்த நாடு எண்டு இல்லையே?"

"எடுத்துப் போட்டினம்."

"நீங்கள் விட்டிட்டியளோ?"

ஓம் என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

26 ஒகஸ்ட், செவ்வாய்

பேசினேன்.

மூன்று நிமிடம் என்றவர்கள், காலையில் நேரம் பிந்திவிட்டது, இரண்டு நிமிடம் என்றார்கள். வாகீசனும் நானும் படிக்கட்டில் குந்தியிருந்து வெட்டினோம். எதை வெட்டுவது? முகமாலையை வெட்டினோம், வேலை செய்கிற பெண்களை வெட்டினோம். சுபா மட்டும் மிஞ்சினாள்.

பெரிய மண்டபம். ஒவ்வொரு மேசையிலும் நாட்டின் பெயர்ப்பலகை. சிவப்புக் கோடு விழுந்த அந்தப் பெயர் எனக்கு நேரே, மூன்றாம் வரிசையில் இருந்தது. அங்கே இருந்தவர் முதலில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரியர் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தார். முகம் நல்ல முகம். உண்மையாகவே கவலைப்பட்டமாதிரி இருந்தது.

அப்ப எனக்கு வாய்வரைக்கும் வந்தது. கடவுளே, வாய்வரைக்கும் வந்தது. மூண்டு எழுத்து. மைக் கிடக்கு, ஆள் முன்னாலை இருக்கிறார். சொல்ல எத்தினை நேரம் செல்லும்? ஒரு மூச்சு. சொல்லேல்லை நான். நேரம் முடிஞ்சு சிவப்பு லைற் எரிஞ்சுது. "நன்றி" எண்டு சொல்லிப்போட்டு இறங்கி வந்திட்டன்.

கை தட்டினார்கள். அடுத்ததாக அறிக்கைப் படிவத்தின் ஐந்தாம் பந்தியில் ஒரு சொல்லை மாற்றுவது பற்றிப் பேசத் தொடங்கினார்கள். மத்தியானம்வரை அதுதான்.

27 ஒகஸ்ட், புதன்

கோப்பி இடைவேளையில் அவரே என்னைத் தேடி வந்தார், மூன்றாம் வரிசைக்காரர். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். உங்கள் வேலைக்கு எங்கள் மக்கள் உதவுவதில் பெருமைப்படுகிறோம் என்று வாகீசன் மொழிபெயர்த்தார்.

"அவரிட்டைக் கேளுங்கோ தம்பி," என்றேன். "நாங்கள் எடுக்கிற ஷெல் அவையின்ரை நாட்டிலை செய்தது. அது தெரியுமோ எண்டு. இப்பவும் விக்கிறியளோ எண்டு."

வாகீசன் ஒருதரம் என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

அந்த மனிதர் கோபிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொன்னார். அது பழைய காலத்து விற்பனை, சட்டப்படி நடந்தது, இப்போதைய ஏற்றுமதிக்கு இறுக்கமான அனுமதி முறை உண்டு. அதைவிட, ஏற்றுமதி வேறு அமைச்சு. தான் உதவித் திட்டங்கள் பகுதி.

"விக்கிறது ஒரு அமைச்சு, அள்ளுறது இன்னொரு அமைச்சாம் அக்கா" என்றார் வாகீசன். அவருடைய தமிழில் முதன்முறையாகக் கோபம் கேட்டது.

அந்த மனிதர் தன் பெயரட்டையைத் தந்தார். வாங்கினேன். வாங்காமல் விட்டிருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

29 ஒகஸ்ட்

கூட்டம் முடிந்தது. அடுத்த வருடமும் கூடுவது என்று ஒருமனதாகத் தீர்மானம்.

2 செப்ரெம்பர், செவ்வாய். மிருசுவில்

அம்மா கதவைத் திறந்தா. சாப்பாடு போட்டா. எதிரில் இருந்தா. சாப்பிட்டு முடியத்தான் கேட்டா.

"அவளைப் பற்றி ஆரைக் கேட்டுக் கதைச்சனி?"

அந்தத் தொண்டு நிறுவனம் பேச்சை முகநூலில் போட்டிருக்கிறது. கனடாவிலிருந்து சித்தி அனுப்பியிருக்கிறா. கீழே தமிழில் எழுத்தும் ஓடுதாம்.

"அம்மா, அது ஒரு நல்ல காரியத்துக்கு..."

"என்ன நடந்தது, சொல்லன்? உதாலை என்ன நல்லது நடந்தது?"

அம்மா இருபத்தைந்து வருடமாக அந்தக் கப்பூது வெளியால் போவதில்லை. பருத்தித்துறைக்குப் போவதென்றாலும் சுற்றித்தான் போவா. நான் அவளை வெள்ளைக்காரருக்கு முன்னாலை கொண்டுபோய் வைச்சன். அதுவும் அவளை ஆர் செய்த சாமான் கொண்டது எண்டு கேக்காமல், சும்மா, பாவம் பார்க்கட்டும் எண்டு வைச்சன்.

சரியாகச் சொன்னால், சுபாவைக் கொடுத்து வேலையைக் காப்பாற்றினேன்.

17 ஒக்ரோபர், வெள்ளி

வேலையும் போகிறது. டிசெம்பரோடு நிதி முடிகிறது, புதுப்பிக்கவில்லை. கடிதத்தை சுபாஸ்கரன் அண்ணை எல்லோரையும் நிற்கவைத்து வாசித்தார். அந்த நாடு தன் பாதுகாப்புச் செலவைக் கூட்டவேண்டியிருப்பதால் வெளிநாட்டு உதவியைக் குறைக்கிறதாம். எங்கள் அரிய பணிக்கு நன்றியாம்.

ஒருத்தி மட்டும் கேட்டாள், "பாதுகாப்புச் செலவெண்டா என்ன அண்ணை?"

"ஆயுதம்தான்" என்றார். வேறு யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

இன்றும் தம்பிஐயா வந்தார். நான் வாகனத்துக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

12 டிசெம்பர், வெள்ளி

கடைசி நாள். தம்பிஐயாவின் மற்ற இரண்டு ஏக்கரில் அரை ஏக்கர்தான் முடிந்தது, மழை விடவில்லை. மண்டையோடு போட்ட எச்சரிக்கைப் பலகைகளைப் புதிதாகப் பெயின்ற் அடித்து நட்டோம். செய்யக்கூடியது அவ்வளவுதான்.

அவரிடம் நானே போய்ச் சொன்னேன்.

"இனி வேறை ஆர் வருவினம்?"

"தெரியேல்லை ஐயா."

"ஆமிக்காரர்?"

"அவைக்கு வேறை இடங்கள் இருக்காம். நீங்கள் மட்டும் உள்ளுக்கை கால் வைச்சிடாதேங்கோ."

வழக்கமாகச் சொல்கிற ஓம் ஓம் இன்று வரவில்லை.

28 டிசெம்பர்

சுபாஸ்கரன் அண்ணை வெளிநாடு போகிறார். அங்கே இன்னும் சண்டை நடக்கிறது. இவர் அதன் பின்னாலேயே ஷெல் அள்ளப் போகிறார். நல்ல சம்பளம். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

19 யனவரி 2026, திங்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேன். கொலர் தைக்கும் பகுதி.

7 மார்ச் 2026, சனி

சனி அரைநாள். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது முகமாலையில் புகை தெரிந்தது. நாங்கள் ஷெல்லை வெடிக்கவைக்கிற புகைதான் என்று ஒரு கணம் நினைத்தேன், அப்படிப் பழகிய கண். பிறகுதான் உறைத்தது. இறக்கு இறக்கு என்று கத்தி இறங்கினேன்.

தம்பிஐயா பற்றைக்குத் தீ வைத்திருக்கிறார், துப்புரவாக்காத ஒன்றரை ஏக்கருக்கு. பலகைகளைப் பிடுங்கி ஒழுங்காக வேலியோரம் சாத்தியிருந்தார். எரிந்து முடிய மண்வெட்டியோடு இறங்குகிற எண்ணம்.

"ஐயா, என்ன வேலை பாக்கிறியள்! சூடு ஏறினால் கிடக்கிறது வெடிக்கும், வாங்கோ இங்காலை!"

"வெடிக்கட்டும் பிள்ளை. வெடிச்சால் முடிஞ்சுது. நீங்கள் வருவியள் வருவியள் எண்டு எத்தினை வருசம் இருந்தன். எனக்கு எழுபத்திரண்டு வயசு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு றோட்டைக் கடந்தேன். ரயில் பாதை மேட்டுக்குப் பின்னால் இருத்தினேன். பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தேன், "வாறம்" என்றார்கள். றோட்டில் பஸ்கள் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி மறித்துப் பார்த்தேன். ஹோர்ன் அடித்து விலத்திப் போனார்கள். என்னிடம் இப்போது சீருடை இல்லைத்தானே. திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

கொஞ்ச நேரத்தால் அவர் கேட்டார், "உந்த ஷெல்லெல்லாம் எங்கை செய்யிறது பிள்ளை?"

சொன்னேன். நாட்டின் பெயர், ஊரின் பெயர், மூன்று எழுத்து, எல்லாம். ஒருவரும் நேரம் பார்க்கவில்லை.

அவர் அந்தப் பெயரை ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை.

"அவையளுக்கு எங்களோடை என்ன கோவம்?"

"கோவம் ஒண்டும் இல்லை ஐயா. எங்களை ஆரெண்டே அவைக்குத் தெரியாது. வித்தவை, அவ்வளவுதான்."

நான் சொன்னதை நம்பவில்லை என்று நினைக்கிறேன். கோபமே இல்லாமல் ஒருவன் இதைச் செய்வான் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

நாலு மணிக்குத் தீ தானாகவே தணிந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. பொலிஸ் வரவில்லை. அவர் எழும்பிச் சாரத்தைத் தட்டிக் கட்டிக்கொண்டு மண்வெட்டியைத் தேடினார். நாளைக்குச் செய்யுங்கோ என்று கெஞ்சினேன். சைக்கிள் கொடிகாமப் பக்கம் திரும்பும்வரை நின்றுவிட்டுப் பலகைகளைத் திரும்ப நட்டேன்.

நாளை ஞாயிறு. விடியவே, அவர் வருமுதல் போய் அந்தக் காணி வாசலில் நிற்கவேண்டும். திங்கட்கிழமை எனக்கு வேலை.