ஒரிஜினல் என்னிடம் இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிறாளா. நம் ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

போனில் சொல்ல வாய் வராமல்தான் இதை எழுதுகிறேன். தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் எடுத்து, அதில் நிறம் கொடுக்கும் செல்களைப் பிரித்து, முகத்தில் வெளுத்த இடத்தில் வைத்துக் கட்டுவார்கள், சில மாதத்தில் நிறம் திரும்பும் என்று நீ விளக்கினாய். ஒரு வருஷமாக அந்த வெள்ளை பரவாமல் இருந்தால்தான் ஆபரேஷன், அதை ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் பழைய படம் கேட்கிறார் என்றாய். "போன வருஷம் வந்தப்போ ஸ்டூடியோவுல எடுத்தீங்களேப்பா, டச் பண்ணாத ஒரிஜினல் இருக்கும்ல" என்று கேட்டாய். தேடி அனுப்புகிறேன் என்றேன், பிறகு கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றேன், பத்து நாளாக நான் சொன்னதெல்லாம் பொய். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது, பெத்த பொண்ணுகிட்ட எதுக்குப் புளுகுறீங்க" என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

ஒரிஜினல் என்னிடம் இல்லையம்மா. உன் ஆறு வயதிலிருந்து எடுத்த எந்தப் படத்துக்கும் இல்லை. ஒவ்வொன்றிலும் அந்த வெள்ளையை அழித்துவிட்டு, அழிக்காததை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கிழித்துப் போட்டேன், கம்ப்யூட்டர் வந்தபிறகு டெலிட் செய்தேன். உனக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்கள் வெள்ளையோடு உன் படத்தைப் பார்த்து "உங்க பொண்ணா" என்று கேட்டுவிடுவார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது, அதுதான் நிஜம்.

நேற்று ஒரு காகிதத்தில் உன் முகத்து வெள்ளையைப் போன வருஷம் இருந்த அளவுக்கே வரைந்து பார்த்தேன். இடது புருவ நுனியில் தொடங்கி, கன்னத்தில் அகன்று, உதட்டோரம் தனியாக ஒரு சின்னப் பொட்டு. அழித்து அழித்துப் பழகிய கை, ஒரு வளைவு விடாமல் போட்டுவிட்டது. அந்தப் படத்தில் நீ சிரித்தாயா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், டாக்டர் ஒத்துக்கொள்வாரோ என்னவோ. ஒத்துக்கொள்ளாவிட்டால் நீ இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்கு அப்பாதான் காரணம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, எனக்காக மறைக்காதே.

நீ நினைத்தது நடந்து நல்லபடியாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. டாக்டர் படம் எடுக்கும்போது உன்னையறியாமல் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்வாய், சின்ன வயதில் நான்தான் சொல்லிச் சொல்லி அப்படிப் பழக்கினேன். நேராகப் பாரம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா